நத்தார் இரவு விருந்து: திருகோணமலை வீடுகளுக்கான கேள்விகளும் பதில்களும்

நத்தாருக்குக் குடும்பத்தையும் விருந்தினரையும் ஒன்றாகக் கூப்பிட்டு, வீட்டிலேயே சமைத்துப் பரிமாற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏறக்குறைய இருபது பேரை மனதில் வைத்துக் கணக்குச் சொல்லியிருக்கிறேன். டிசம்பர் எங்களுக்கு மழைக்காலம். கடல் கொந்தளிக்கும், மீன் குறையும், மின்சாரம் போய் வரும். அதோடு எங்கள் ஊரில் ஒரு வீட்டு விருந்துக்குக் கிறிஸ்தவர், சைவர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லோரும் வருவார்கள். வேறு ஊருக்கு எழுதிய சமையல் குறிப்பில் இதற்கெல்லாம் விடை இராது.

எங்கே தொடங்குவது? சாப்பாட்டுப் பட்டியல் எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

சாப்பாட்டுப் பட்டியலை விடுங்கள். ஒரு கொப்பியில் முதலில் ஆட்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவர் சாப்பிடாததை எழுதுங்கள்: மாடு, பன்றி, முட்டை, இறால், உறைப்பு, சீனி. அன்று விரதமா என்பதையும் கேட்டு எழுதுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். "உங்களுக்கு என்ன ஒத்து வரும்?" என்று முன்கூட்டிக் கேட்டால் யாரும் குறையாக எடுப்பதில்லை, சந்தோஷப்படுவார்கள். வீட்டுக்கு வந்து, நீங்கள் பார்த்துப் பார்த்துச் சமைத்ததில் பாதியைத் தொடாமல் இருக்க நேர்வதுதான் அவர்களுக்குச் சங்கடம்.

இந்தப் பட்டியல் முடிந்ததும் சமைக்க வேண்டியது என்ன என்பது தானாகத் தெரியும். என் நோக்கம் ஒன்றுதான். வந்த ஒவ்வொருவரும் மேசையில் இருப்பவற்றில் பெரும்பகுதியைத் தயங்காமல் எடுத்துச் சாப்பிட வேண்டும். சமைத்தவரும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இதற்காகத்தான்.

24ஆம் தேதி இரவா, 25 மதியமா, 25 இரவா?

25 இரவு. 24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு வந்து கேக்கும் கோப்பியும் குடித்துப் படுக்கவே விடியப் பார்க்கும். அந்தக் களைப்போடு மதியத்துக்கு இருபது பேருக்குச் சமைப்பது சமைப்பவருக்குச் செய்யும் அநியாயம். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கும் பிள்ளைகளுக்கும் பகலில் கொஞ்சம் கண்ணயர நேரம் வேண்டும்.

நேரம் என்று கேட்டால் 7.30 நல்லது. டிசம்பர் கடைசியில் இங்கே ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் இறங்கிவிடும். முஸ்லிம் விருந்தினர் மாலைத் தொழுகையான மஃரிப் தொழுதுவிட்டுப் புறப்படலாம். இரவுத் தொழுகையான இஷா தொழ விரும்புபவர்களுக்கு ஓர் அறையைச் சுத்தமாக ஒதுக்கி வையுங்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு அந்தப் பக்கத்து ஆட்கள் படகுப் பாதையின் நேரம் பார்க்க வேண்டியதில்லை, ஆனாலும் மழை இரவில் சின்னப் பிள்ளைகளோடு திரும்புகிறவர்களைப் பத்து மணிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள்.

26ஆம் தேதி வைத்தால் என்ன?

2004 டிசம்பர் 26 காலைதான் ஆழிப்பேரலை வந்தது. எங்கள் கரையோரத்தில் ஆட்களை இழந்த வீடுகள் ஏராளம். அன்று காலையில் விளக்கேற்றிப் பூசைக்கும் நினைவு வணக்கத்துக்கும் போகிறவர்கள் உங்கள் விருந்தினரிலும் இருப்பார்கள். அந்த நாளை அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

எத்தனை வகை சமைப்பது?

சோறு ஒன்று, இறைச்சி ஒன்று, கடலுணவு ஒன்று, மரக்கறி மூன்று, ஒரு சலாது, தொட்டுக்கொள்ள அச்சாறும் பப்படமும். இனிப்பு இரண்டு. இதற்கு மேல் போனால் எண்ணிக்கைதான் கூடும். பதினைந்து கறி வைத்த மேசையில் எல்லாமே ஆறிப்போயிருக்கும், ஒன்றின் ருசியும் நினைவில் நிற்காது.

நான் சொல்லும் பட்டியல் இது: மஞ்சள் சோறு, சட்டியில் வாட்டிய கோழி, இறால் பிரட்டல், கஜுக் கறி, கத்தரிக்காய் மோஜு, பருப்பு. இனிப்புக்குக் கடற்பாசியும், கிண்ணியாத் தயிரும் கித்துள் பாணியும். கேக் எப்படியும் இருக்கும். உறைப்புத் தாங்காத சின்னவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இடியப்பமும் சொதியும் கொஞ்சம் தனியாக வையுங்கள். சுகர் உள்ளவர்களுக்கு ஒரு சிறு பானையில் சிவப்பரிசிச் சோறு போட்டால் போதும்.

மாட்டிறைச்சியையும் பன்றி இறைச்சியையும் இந்த மேசையில் வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சைவ வீட்டார் பலர் மாடு தொட மாட்டார்கள், முஸ்லிம்களுக்குப் பன்றி ஆகாது. உங்கள் வீட்டாருக்கு அது பிடிக்கும் என்றால் வருடத்தில் வேறு எத்தனையோ நாள் இருக்கிறது.

இருபது பேருக்கு எவ்வளவு வாங்குவது?

அரிசி இரண்டரை கிலோ. சுண்டுக் கணக்குப் பார்க்கிறவர்கள் இரண்டு பேருக்கு ஒரு சுண்டு என்று போடலாம், சற்றுத் தாராளமாக வரும். கோழி எலும்போடு ஐந்து கிலோ, அதாவது ஒன்றரை ஒன்றே முக்கால் கிலோக் கோழி மூன்று. இறால் மூன்று கிலோ. தலையும் கோதும் போனால் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும் என்பதை மறக்காதீர்கள். கஜு முக்கால் கிலோ, பருப்பு முக்கால் கிலோ, கத்தரிக்காய் இரண்டு கிலோ. தேங்காய் எட்டு வாங்குங்கள். சோறு, கறி, சொதி எல்லாவற்றுக்கும் பால் வேண்டும், குறைந்தால் அந்த நேரத்தில் ஓட முடியாது. தயிர்ச் சட்டி பெரியது மூன்று.

இறைச்சி வாங்கும் நாளுக்கு முன் நாள்காட்டியைப் பாருங்கள். போயா தினத்தில் இறைச்சிக் கடைகள் பூட்டு. டிசம்பர் மாத உந்துவப் போயா சில வருடங்களில் நத்தாரை ஒட்டியே வந்துவிடும்.

மஞ்சள் சோறு குழைந்துபோகிறது. என்ன செய்வது?

ஒரே கிடாரத்தில் இரண்டரை கிலோவையும் போடுவதுதான் பெரும்பாலும் காரணம். அடியில் குழையும், மேலே வேகாது. இரண்டு சட்டியாகப் பிரியுங்கள். சம்பா அரிசியைக் கழுவி நீரை முழுதாக வடியவிட்டு, நெய்யில் வெங்காயம், கறுவா, ஏலக்காய், கராம்பு, ரம்பை, கறிவேப்பிலை வதக்கி, அரிசியையும் போட்டு மணிகள் பளபளக்கும்வரை கிளறுங்கள். மஞ்சள், உப்பு, பிறகு பால். சம்பாவுக்கு ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு அளவில் பாலும் நீருமாக. பாஸ்மதி என்றால் ஒன்றரைப் பங்கு. கொதித்ததும் தணலைக் குறைத்து மூடி, நீர் வற்றியதும் அடுப்பை அணைத்துப் பதினைந்து நிமிடம் திறக்காமல் விடுங்கள். இந்தப் பதினைந்து நிமிடத்தில் அகப்பை போட்டீர்களோ, அரிசி உடைந்து களியாகும். பொரித்த கஜுவையும் பிளம்ஸையும் பரிமாறும்போதுதான் தூவ வேண்டும்.

பெரிய மீன் ஒன்றை முழுதாக வைக்க ஆசை. அறக்குளா கிடைக்குமா?

டிசம்பரில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது எங்கள் பக்கத்து வெளிக்கடல் கொதிக்கும், பல நாள் வள்ளங்கள் இறங்காது. அந்த மாதங்களில் மேற்குக் கரையில்தான் கடல் அமைதி, அதனால் சந்தைக்கு வருவதில் ஒரு பகுதி அங்கிருந்து ஐஸில் வந்ததாக இருக்கும், விலையும் ஏறும். உள்துறைமுகமும் குடாப் பகுதிகளும் மறைவான நீர். களப்பு இறாலும் நண்டும் அதனால் அப்போதும் அகப்படும். அதற்காகத்தான் பட்டியலில் இறாலை வைத்தேன். 23ஆம் தேதியே வாங்கிக் கோது உரித்து, சுத்தமாக்கி, ஃபிரீசரில் போட்டுவிடுங்கள். தலையையும் கோதையும் எறிய வேண்டாம். அவித்து வடித்த நீரைப் பிரட்டலில் ஊற்றினால் ருசி ஆளை அசத்தும்.

அன்று காலை சந்தையில் நல்ல பாரையோ விளைமீனோ கண்ணில் பட்டால் வாங்குங்கள், மேலதிகமாக இருக்கட்டும்.

வான்கோழி கட்டாயமா?

இல்லை. இங்கே எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் பெரும்பாலான வீட்டு அவனுக்குள் (oven) போகாது. உறைந்த பறவை வாங்கினால், இரண்டு இரண்டரை கிலோவுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட வேண்டும். மேசையில் வெளியே வைத்து உருகவிடுவது ஆபத்து.

அவன் இல்லை. முழுக் கோழி எப்படி வாட்டுவது?

அடி கனத்த சட்டி இருந்தால் போதும், எனக்கு அவனில் சுட்டதைவிட இதுதான் பிடிக்கும். முதல் நாளே கோழிக்கு உப்பு, மிளகுதூள், மஞ்சள், அரைத்த இஞ்சி உள்ளி, தேசிக்காய்ப் புளி எல்லாம் தடவுங்கள். தோலுக்குக் கீழேயும் விரலை விட்டுத் தடவ வேண்டும், வெறும் மேற்பூச்சு உள்ளே இறங்காது. மூடி பிரிட்ஜில் வையுங்கள்.

மறுநாள் நெய்யும் எண்ணெயும் கலந்து சூடாக்கி, கோழியை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பொன்னிறமாக்குங்கள். அவசரப்படாதீர்கள், ருசி பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. பிறகு கறுவா, ரம்பை, நாலைந்து மிளகு, ஒரு கோப்பை நீர் விட்டு இறுக்கமாக மூடி மெல்லிய தணலில் ஒரு மணி நேரம். நடுவில் இரண்டு முறை திருப்பி விடுங்கள். கடைசி இருபது நிமிடத்துக்கு உருளைக்கிழங்கும் சின்ன வெங்காயமும் சேர்க்கலாம். தொடை மூட்டில் கத்தியைக் குத்தினால் தெளிந்த நீர் வர வேண்டும், இளஞ்சிவப்பாக வந்தால் இன்னும் வேகவில்லை. சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்கள் தடித்த இடத்தில் 74 பாகை செல்சியஸ் வருகிறதா என்று பார்க்கலாம். வெந்ததும் இறக்கிக் கால் மணி நேரம் விட்டு வெட்டுங்கள். சட்டியில் மிஞ்சிய சாற்றை வற்றவைத்து மேலே ஊற்றினால் வேறு குழம்பு தேவையில்லை.

ஊர்க்கோழி என்றால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதை வெட்டிக் கறியாக்குவதுதான் நல்லது.

முஸ்லிம் நண்பர்கள் வருகிறார்கள். கோழி ஹலாலாக இருந்தால் போதுமா?

கோழி முதல் படி. முஸ்லிம் கடையில் வாங்குங்கள், எங்கே வாங்கினீர்கள் என்பதையும் பேச்சோடு சொல்லிவிடுங்கள், அவர்களாகக் கேட்கத் தயங்குவார்கள். அதற்குப் பிறகு கவனிக்க வேண்டியவை வேறு இடத்தில் ஒளிந்திருக்கின்றன. ஜெலி, புடிங் வகைகளில் போடும் ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுப்பது. நத்தார் கேக்கில் பிராந்தி ஊற்றுவது பல வீட்டு வழக்கம். வனிலா எசன்ஸிலும் மதுசாரம் இருக்கலாம், ஏலக்காய் போட்டால் அந்தக் கேள்வியே எழாது. முன்பு பன்றி சமைத்த சட்டி, வெட்டிய பலகை இவற்றை அன்று எடுக்காதீர்கள். பெரிய சட்டி குறைந்தால் அயல் வீட்டில் கேட்டு வாங்குங்கள்.

ஜெலிக்குப் பதில் கடற்பாசி காய்ச்சுங்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் முஸ்லிம் வீடுகளில் செய்வது, எங்கள் எல்லோருக்கும் பழகிய ருசி. பாலும் சீனியும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் பிரிட்ஜ் இல்லாமலே இறுகும், மேசையில் இருந்தாலும் உருகாது. மின்சாரம் போகும் மாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான இனிப்பு எனக்குத் தெரியாது. சைவர்களும் சாப்பிடலாம்.

மதுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த இரவில் மேசையில் வேண்டாம். இஞ்சித் தேத்தண்ணியும் ஜிஞ்சர் பியரும் வையுங்கள்.

சைவ வீட்டார் அந்த நாட்களில் விரதம் என்கிறார்கள். கூப்பிடலாமா?

கட்டாயம் கூப்பிடுங்கள். பிள்ளையார் பெருங்கதை விரதம் 21 நாள், கார்த்திகையில் தொடங்கி மார்கழிச் சட்டியில் (சஷ்டித் திதியில்) முடியும். திருவெம்பா பத்து நாள், திருவாதிரையோடு முடியும். இரண்டும் சந்திரக் கணக்கிலும் நட்சத்திரக் கணக்கிலும் நகர்வதால் சில வருடங்களில் நத்தார் சரியாக உள்ளே விழும். சிலர் ஒரு நேரம் மட்டும் சாப்பிடுவார்கள், சிலர் மச்சத்தை மட்டும் விடுவார்கள். எந்த மாதிரி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு சமையலின் ஒழுங்கை மாற்றுங்கள். காலையில் குளித்து முதலில் மரக்கறிகள் முழுவதையும் சமைத்து, மூடி, தனி மேசைக்கு மாற்றிவிட வேண்டும். அதன் பிறகுதான் கோழிக்கும் இறாலுக்கும் கை வைப்பது. அகப்பையும் தாச்சியும் தனி. எண்ணெயும் தனி, இறால் பொரித்த எண்ணெயில் பப்படம் பொரித்தால் அந்தப் பப்படம் அவர்களுக்கு ஆகாது.

எல்லோரும் மறப்பது மாசிக் கருவாட்டை. கத்தரிக்காய் மோஜு, சீனிச் சம்பல், தேங்காய்ச் சம்பல் எல்லாவற்றிலும் பழக்கத்தில் போட்டுவிடுவோம். அன்று எதிலும் போடாதீர்கள், மோஜுவின் புளிப்புக்கும் கடுகுக்கும் அது இல்லாமலே ருசி வரும். முட்டை உள்ள கேக்கும் வட்டலப்பமும் விரதக்காரருக்கு ஆகாது. பயற்றம் பணியாரம் ஒரு தட்டு வையுங்கள், தயிரும் பாணியும் இருக்கிறது.

கஜுக் கறிதான் அவர்களுக்கு அன்றைய தலைக்கறி, அதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். பச்சைக் கஜுவை முதல் நாள் இரவே நீரில் ஊறப்போட்டு, வடித்து, இரண்டாம் பாலில் மஞ்சள், பச்சை மிளகாய், கறுவா, ரம்பையோடு மெத்தென்று அவியவிட்டு, கடைசியில் முதற்பால் ஊற்றி ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். கிண்ணம் மேசையில் நடுவிலேயே இருக்கட்டும். மரக்கறிகளை மூலையில் ஒதுக்கினால் விருந்தாளியையும் ஒதுக்கின மாதிரி ஆகிவிடும்.

பிராந்தி இல்லாமல் நத்தார் கேக் நிற்குமா?

நிற்கும், மாதக்கணக்கில் இல்லை. ரவை 250 கிராம், பட்டர் 250, சீனி 350, மஞ்சட்கரு 12, வெள்ளைக்கரு 4, பொடியாக வெட்டிய கஜு 250, சுல்தானா 250, பிளம்ஸ் 250, பூசணித் தோசி 250, சௌசௌ பாகு 250, இஞ்சிப் பாகு 150, செரி 100. பழங்களைத் தோடம்பழச் சாறு, பன்னீர், தேன் கலந்து இரண்டு நாள் பிரிட்ஜில் ஊறவையுங்கள், சேர்க்குமுன் நன்றாக வடியுங்கள். ரவையை மெல்ல வறுத்து, சூட்டோடு பட்டரில் கலந்து ஆறவிட வேண்டும். தட்டின் உள்ளே எண்ணெய்த் தாளும், வெளியே மூன்று நான்கு மடிப்பு நியூஸ் பேப்பரும் சுற்றி 150 பாகையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேல் கருகப் பார்த்தால் தாளால் மூடுங்கள்.

எங்கள் மழைக்காலத்து ஈரத்தில் வெளியே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நத்தாருக்கு ஒரு வாரம் பத்து நாள் முன் சுட்டு, இறுகச் சுற்றி, பிரிட்ஜில் வையுங்கள். வீட்டில் அவன் இல்லாவிட்டால் தெரிந்த பேக்கரியில் கொடுத்துச் சுட்டெடுக்கலாம்.

மின்சாரம் போனால்? காஸ் முடிந்தால்?

இரண்டும் நடக்கும் என்றே ஆயத்தமாகுங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் எங்கள் மாவட்டத்தில்தான் கரை கடந்தது, இந்த மாதத்தின் குணம் அது. தேங்காய்ப்பாலுக்கு மிக்ஸியை மட்டும் நம்பாமல் திருவலையை எடுத்து வையுங்கள். அரைக்க வேண்டியதை 24 காலையிலேயே அரைத்து வைக்கலாம். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று மேலதிகமாக நிற்கட்டும். விறகடுப்பு உள்ளவர்கள் சிரட்டையும் பொச்சும் நவம்பரிலேயே காயவைத்து உள்ளே எடுத்துவிட வேண்டும், டிசம்பரில் ஈர விறகு புகையும் கண்ணீரும்தான் தரும்.

மின்சாரம் போனால் பிரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியிருந்தால் நாலு மணி நேரம் குளிர் தாங்கும், நிரம்பிய ஃபிரீசர் இரண்டு நாள்வரை தாங்கும்.

எல்லாவற்றையும் அம்மாவே செய்கிறார். எப்படி மாற்றுவது?

உதவி வேண்டுமா என்று கேட்டால் "வேண்டாம், நீ போய் இரு" என்றுதான் சொல்வார். கேட்காமல் வேலையைப் பெயர் போட்டுப் பிரியுங்கள். தேங்காய் திருவுவதும் இறால் உரிப்பதும் மகன்மாருக்கு. வெங்காயம், உள்ளி உரிப்பது சின்னவர்களுக்கு. பாத்திரம் கழுவுவது மருமகனுக்கும் மகனுக்கும், இதை விருந்துக்கு முன்பே பேசி முடியுங்கள். அம்மாவின் கை ருசி பார்ப்பதற்கும் உப்புப் போடுவதற்கும் இருக்கட்டும்.

23இல் வாங்குவதும் உரிப்பதும். 24 பகலில் மோஜு, அச்சாறு, கடற்பாசி, கோழிக்குத் தடவல். 25 காலை பத்து மணிக்கு மரக்கறி, பிற்பகல் மூன்று மணிக்குக் கோழி, ஐந்தரைக்குச் சோறு, ஏழு மணிக்கு இறால். காலையில் சமைத்த மரக்கறிகளை ஆறவிட்டு பிரிட்ஜில் வைத்து, பரிமாறுமுன் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்குங்கள். முதற்பாலை அந்த நேரத்தில் சேர்த்தால் திரியாது. ஏழே காலுக்கு அம்மா குளித்து உடுத்து முன் அறையில் இருக்க வேண்டும். பரிமாறுவது மற்றவர்கள் வேலை.

விருந்தினர் ஏதாவது கொண்டு வரட்டுமா என்று கேட்கிறார்கள்.

கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள், எதைக் கொண்டு வரலாம் என்றும் சொல்லுங்கள். கிண்ணியாக்காரரிடம் தயிர், சைவ வீட்டாரிடம் பணியாரம், மற்றவர்களிடம் பழம். அவரவர் வீட்டில் இருந்து வந்ததை அவரவர் பயமில்லாமல் சாப்பிடுவார்கள், மற்றவர்களுக்கும் கொடுப்பார்கள்.

சாப்பிடுமுன் செபம் சொல்வது எங்கள் வழக்கம். மற்ற மதத்தவர் இருக்கும்போது?

வழக்கம்போலச் சொல்லுங்கள், சுருக்கமாக. முன்பே "நாங்கள் சின்னதாக ஒரு செபம் சொல்லிச் சாப்பிடுவோம்" என்று தெரிவித்தால் அவர்கள் அமைதியாக நிற்பார்கள்.

மிஞ்சியதை என்ன செய்வது?

சோறு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. ஆறிய சோற்றில் பெருகும் கிருமி விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து பிரிட்ஜில் வையுங்கள். பால் சேர்த்த கறிகளும் அப்படித்தான். தேங்காய்ச் சம்பலும் பரிமாறி மிஞ்சிய இறாலும் அன்றே முடிய வேண்டும்.

வீட்டுக்குக் கட்டிக் கொடுப்பது என்றால், எல்லோரும் உட்காருமுன்பே சட்டியிலிருந்து தனியாக எடுத்து டப்பாவில் போட்டு வையுங்கள். மேசையில் கை பட்டு மிஞ்சியதைக் கொடுக்காதீர்கள். மரக்கறி டப்பாவுக்கு வேறு நிற மூடி போடுங்கள், வாசலில் நின்று திறந்து பார்த்துத் தேட வேண்டியிராது.